பெண் பார்ப்பதை நிறுத்திய பிறகு: இயற்கைச் சட்டம், வேதம், அனுபவம் – ஒரு கொங்குக் கிறிஸ்தவக் குடும்பம் எதைத் தேர்வது?

மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று தெரிய வந்த கிறிஸ்தவ வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. பெண் பார்ப்பதைத் தொடரலாமா? டாக்டரிடமோ ஜெப வீட்டுக்கோ கூட்டிப் போகலாமா? அவன் இனி வாழப்போகும் வாழ்க்கையைப் பற்றி நம் மனசாட்சி என்ன நிலை எடுப்பது? முதல் இரண்டுக்கும் நேரடியான பதில் உண்டு. மூன்றாவதற்குக் கிறிஸ்தவச் சிந்தனையில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியும் நம்மிடம் எதைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் அதில் கால் வைக்க வேண்டும்.

இதை எழுத வைத்தது திருப்பூர்ப் பக்கம் எனக்கு வேண்டிய ஒரு தம்பதி. அண்ணன் கத்தோலிக்கர், கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் தேருக்கு வருஷம் தவறாமல் போகிற வீடு. அண்ணி சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பூசைக்குப் போனாலும், பேச்சில் வந்து விழுவதெல்லாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள்தான். பையனுக்குக் கோவையில் சாப்ட்வேர் வேலை. ஆக, மனித இயல்பைப் பார்த்தே நல்லது கெட்டதை அறியலாம் என்கிற இயற்கைச் சட்டத்தை வைத்துப் பேசும் கத்தோலிக்க மரபும் வசனத்தை வைத்துப் பேசும் சீர்திருத்த மரபும் ஒரே வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் சேகரத்தில் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுக்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கழித்துவிட வேண்டிய இரண்டு

"ஒரு கண்ணாலத்தப் பண்ணி வெச்சா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க." சொந்தத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்ன யோசனை இது. நம் பக்கம் எந்தச் சாதியானாலும், எந்த மதமானாலும் கல்யாணம்தான் சர்வரோக நிவாரணி. குடிக்கிறவனுக்கும் அதுதான் வைத்தியம், கடனாளிக்கும் அதுதான்.

இயற்கைச் சட்டத்தில் மிகக் கண்டிப்பான கட்சியில் நிற்பவர்கூட இந்த வழியை ஏற்க முடியாது. அந்த மரபில் திருமணத்தை உண்டாக்குவதே சம்மதம்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 1095ஆம் எண்ணில், திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை உளவியல் காரணங்களால் ஏற்க இயலாதவரின் சம்மதம் செல்லாது என்கிறது. இல்லறத்தைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து, ஏமாற்றி வாங்கிய சம்மதமும் செல்லாது என்கிறது 1098ஆம் எண். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, மண்டபம் பிடித்து, ஊரையே கூட்டிச் சாப்பாடு போட்டாலும் திருச்சபையின் பார்வையில் அங்கே கல்யாணமே நடக்கவில்லை என்று பிற்பாடு தீர்ப்பாகலாம். அதற்குள் யாரோ பெற்ற பெண்ணின் பத்து வருஷம் போயிருக்கும். எல்லா விதத்திலும் பாவம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது இந்தக் கதையில் இது ஒன்றுதான்.

மாற்றிக் காட்டுகிறேன் என்பவர்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னார். அந்த வழக்குக்காக அவரே ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்பது நம் நீதிமன்றங்களில் அபூர்வம். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஜெபத்தால் மாற்றுவதாகச் சொல்லி அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் நடந்த 'எக்சோடஸ் இன்டர்நேஷனல்' என்ற கிறிஸ்தவ அமைப்பு 2013இல் தானே மன்னிப்புக் கேட்டுக் கடையை மூடியது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலோ குணமாக்குவதாக எந்த வாக்கும் தரவில்லை. இந்த ஈர்ப்பின் உளவியல் தோற்றம் பெரும்பாலும் விளங்காமலே இருக்கிறது என்று 2357ஆம் எண்ணில் ஒப்புக்கொள்கிறது.

இனி மூன்றாவது கேள்வி.

அப்பாசாமியின் நான்கு

வழிகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். கோவைக்காரர்களுக்கு அது வெளியே தேட வேண்டியதில்லை. 1950இல் உருவான சி.எஸ்.ஐ. கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, பக்தி மரபையும் ராமானுஜரையும் ஆழமாகப் படித்தவர். இந்தியத் தத்துவ மரபு அறிவுக்கு ஆதாரமாக வைக்கும் பிரமாணங்களைக் கிறிஸ்தவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்: சுருதி (வேதம்), யுக்தி (பகுத்தறிவு), அனுபவம். இவற்றோடு சபையையும் சேர்த்து நான்காக்கினார்.

இந்த நான்கையும் யாரும் தள்ளிவிடப் போவதில்லை. எது முந்தி என்பதில்தான் சண்டை. இயற்கைச் சட்டம் யுக்தியை முன்னால் வைக்கிறது. வேதமே படிக்காதவனுக்கும் மனித இயல்பைப் பார்த்தால் நல்லது கெட்டது தெரியும் என்பது அதன் பெருமை. நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியாரும் சுபாவமாய் அதன்படி செய்கிறார்கள் என்று பவுல் ரோமர் 2ஆம் அதிகாரத்தில் சொல்வதை அது துணைக்கு அழைக்கும். இந்தப் பெருமைக்கு ஒரு விலையும் உண்டு. எல்லாருக்கும் பொதுவான புத்தியின் பெயரால் வழக்குத் தொடுத்தவர், எதிர்க்கேள்வி வந்ததும் 'வசனத்தில் இருக்கிறது' என்று எழுந்து போய்விட முடியாது.

அக்குவினா சொன்னதும் சொல்லாததும்

அண்ணன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவர். நான் போனபோது செக்கிங் டேபிள் பக்கம் நின்று ஒரு பனியனை உள்புறம் திருப்பி, ஓரத் தையலை நகத்தால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "ஓவர்லாக் மெசினு ஓரம் அடிக்கத்தானுங்க. அதுல காஜா எடுக்க முடியுமுங்களா? ஆண்டவரு ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணுக்குன்னுதானுங்க படைச்சிருக்காரு."

இயற்கைச் சட்டம் என்றால் இவ்வளவுதான் என்று அதன் ஆதரவாளர்களும் நினைக்கிறார்கள், எதிரிகளும் நினைக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினா சொன்னது இதைவிட நுட்பமானது. ஓர் உறுப்பை அதன் வேலைக்கு மாறாகப் பயன்படுத்தினாலே பாவம் என்று அவர் சொல்லவில்லை. கையால் நடக்கிறவனை அவரே எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்து, அதில் பெரிய குற்றமில்லை, மனிதனின் நன்மைக்கு அதனால் கேடு வரவில்லை என்று விட்டுவிடுகிறார். உடலுறவில் மட்டும் ஏன் கண்டிப்பு? மனித இனம் தொடர்வது என்ற நன்மை அங்கே தடைப்படுகிறது என்பதால். ஆக, அவருடைய அளவுகோல் உறுப்பின் வேலை அல்ல, மனிதனின் நன்மை.

அந்த நன்மையை அவர் மூன்று படியில் வைக்கிறார். உயிரைக் காத்துக்கொள்ளும் நாட்டம் எல்லாப் பொருளுக்கும் பொது. ஆணும் பெண்ணும் கூடிக் குட்டி வளர்ப்பது விலங்குகளோடு நமக்குப் பொது. கடவுளைப் பற்றிய உண்மையை அறிவதும் சமூகமாக வாழ்வதும் மனிதனுக்கு மட்டுமே உரியவை. தன்பாலுறவை அவர் கண்டிப்பது இரண்டாம் படியில் நின்றுகொண்டு. காமப் பாவங்களின் வரிசையில் 'இயற்கைக்கு மாறானவை' எல்லாவற்றையும் தலைக்கு மேல் வைக்கிறார். வன்புணர்ச்சி அந்த வரிசையில் கீழே இருக்கிறது. அயலானுக்கு இழைத்த கொடுமையைவிட, ஒழுங்கைப் படைத்தவருக்கு எதிரான குற்றம் பெரிது என்பது அவர் கணக்கு. இன்று எந்த மறைக்கல்வி ஆசிரியரும் அந்த வரிசையை அப்படியே வகுப்பில் எழுதிப் போடமாட்டார்.

அக்குவினாவிடம் அண்ணனுக்கு ஆறுதலான ஒன்றும் இருந்தது. 'வம்சம் என்னாவது' என்பதுதானே நம் ஊரில் கடைசிக் கேள்வி? பெருகுங்கள் என்ற கட்டளை மனித இனம் முழுவதற்கும்தான். ஒவ்வொருவன் தலையிலும் தனித்தனியாக விழுவதில்லை என்று கன்னிமையைப் பற்றிப் பேசும்போது அவர் எழுதுகிறார். அவரே துறவி. பேரன் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதை இயற்கைச் சட்டம் என்று சொல்லிக் கேட்க முடியாது.

இந்த வழியின் இன்றைய வடிவம் மறைக்கல்வி நூலின் 2357 முதல் 2359 வரையிலான மூன்று எண்கள். செயல்கள் தம்மளவிலேயே ஒழுங்கற்றவை, இயற்கைச் சட்டத்துக்கு எதிரானவை. ஆட்களை மரியாதையோடும் பரிவோடும் நாசூக்கோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது. அவர்கள் கற்பு நெறிக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு முதல் எண் மனப்பாடம். அடுத்ததை நான் வாசித்துக் காட்டியபோது, "இதையெல்லாம் பிரசங்கத்துல ஒருத்தருஞ் சொன்னதில்லீங்களே" என்றார்.

இதன் பலம் என்ன? உடலுக்கு அர்த்தம் உண்டு, அது வெறும் கருவி இல்லை என்று பிடிவாதமாகச் சொல்கிறது. ஈர்ப்பையும் செயலையும் பிரித்து, ஈர்ப்பைப் பாவம் என்று சொல்ல மறுக்கிறது. தனக்கு இப்படித் தோன்றுகிறது என்பதற்காகப் பையன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. 'இப்படிப் பிறந்ததே சாபம்' என்று சொல்லும் சில சபைகளைவிட இது எவ்வளவோ மேல்.

பலவீனம், 'இயற்கை' என்று அது முத்திரை குத்தியவை எல்லாம் நிலைத்து நின்றதில்லை என்பது. வட்டியைப் பாருங்கள். பணம் குட்டி போடாது, ஆகவே வட்டி எல்லாவற்றிலும் மிக இயற்கைக்கு மாறானது என்றார் அரிஸ்டாட்டில். அக்குவினா அதை ஆமோதித்து, பணத்தின் தன்மையிலிருந்தே வட்டி அநீதி என்று நிறுவினார். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிய வட்டித் தொழில் செய்கிறவனுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்றது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகத்தில் தன்பாலுறவு கொண்டவர்களையும் வட்டிக்காரர்களையும் ஒரே வட்டத்தில், ஒரே எரியும் மணலில் போட்டார். இருவருமே இயற்கைக்கு எதிரிகள் என்பதால். 1745இலும் ஒரு திருத்தந்தை வட்டியைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் நியாயமான வட்டியை அனுமதித்தது. இடையில் மாறியது கடவுளா? பணம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய நம் அறிவு மாறியது. ஈரோட்டிலும் கரூரிலும் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் போர்டு தொங்கும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இயற்கைச் சட்டத்தின் ஒரு தீர்ப்பை மட்டும் கல்லில் வெட்டியது என்றால் கேட்கிறவன் சிரிப்பான்.

வட்டி விஷயத்தில் மாறியதால் இதிலும் மாறியே ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாறாது என்பவர், உடலைப் பற்றிய அறிவு ஏன் பணத்தைப் பற்றிய அறிவைப் போல வளரக்கூடாது என்று காட்டக் கடமைப்பட்டவர். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, விதையிடுவது ஆண் மட்டும்தான் என்று அக்குவினா நம்பினார். பாலூட்டிகளின் சினைமுட்டை கண்டுபிடிக்கப்பட்டது 1827இல்.

புதிய இயற்கைச் சட்டக்காரர்கள்

இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மேன் கிரிசே, ஜான் ஃபின்னிஸ் போன்றவர்கள் இந்த ஓட்டைகளை அடைக்க முயன்றார்கள். 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து 'இப்படி இருக்க வேண்டும்' என்பதை எடுக்க முடியாது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுப்பிய தடை அவர்களுக்குத் தெரியும். ஆகவே உடற்கூறிலிருந்து தொடங்காமல், எவரும் காரணம் கேட்காமல் நாடுகிற அடிப்படை நன்மைகளிலிருந்து தொடங்கினார்கள்: உயிர், அறிவு, நட்பு, சமயம் போன்றவை. திருமணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, ஆணும் பெண்ணும் ஒரே உடலாவது இனப்பெருக்க வகைச் செயலில் மட்டுமே சாத்தியம் என்றார்கள்.

படிப்பதற்குக் கூர்மையான வாதம்தான். ஆனால் அறுபது கடந்த ஒரு விதவைத் தாயும் மனைவியை இழந்த ஒரு பெரியவரும் கோயிலில் மணமுடித்தால் சாமியார் சந்தோஷமாக மந்திரித்து ஆசீர்வதிக்கிறாரே, அங்கே எந்தப் பிள்ளை? 'வகை' ஒன்றுதான், பலன் வராவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர்கள் பதில். பலனே வரமுடியாத இடத்தில் வகைக்கு என்ன எடை என்று எதிர்த்தரப்பு கேட்கும். நாற்பது வருஷமாக இந்தப் பந்து இரண்டு பக்கமும் போய் வருகிறது. ஒரு தகப்பன் முடிவெடுக்க இதில் பழையதைவிடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அண்ணியின் வழி

அண்ணிக்கு அக்குவினா தேவையில்லை. "லேவியராகமத்துல இருக்குதுங்க, ரோமர்ல இருக்குதுங்க, அப்புறம் என்னத்துக்குங்க அரிஸ்டாட்டிலு?" இதற்குப் பின்னால் பெரிய பரம்பரை இருக்கிறது. 1934இல் சுவிஸ் சீர்திருத்த இறையியலாளர் கார்ல் பார்த், இயற்கையிலிருந்து கடவுளை அறியலாம் என்று சொன்ன தன் நண்பர் எமில் புரூனருக்கு 'இல்லை!' என்றே தலைப்பிட்டுப் பதில் எழுதினார். ஹிட்லரின் ஜெர்மனியில் இனமும் மண்ணும் 'இயற்கை ஒழுங்கு' என்று சபைக்குள் நுழைந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இயற்கையின் பெயரால் எதையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்ற அவர் அச்சம் வீண் அச்சமல்ல. அதே பார்த் தன்பாலுறவையும் கண்டித்தார், ஆணும் பெண்ணுமாய்ப் படைத்தார் என்ற ஆதியாகம வார்த்தையை வைத்து. ஆங்கிலிக்கன் பேராயர்களின் 1998 லாம்பெத் மாநாடு, தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தது.

இது எளிய வழி போலத் தெரிகிறது. ஆனால் இயற்கையை விட்டு ஓடிவந்தால் பவுலே அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ரோமர் 1ஆம் அதிகாரத்தின் வாதமே 'சுபாவத்துக்கு விரோதமான' என்பதில்தான் நிற்கிறது. அதே பவுல், ஆண் முடி வளர்ப்பது கனவீனம் என்று சுபாவமே போதிக்கிறதில்லையா என்று கொரிந்தியரைக் கேட்கிறார். அண்ணி வீட்டு வரவேற்பறைப் படத்தில் இயேசுவுக்குத் தோளில் புரளும் முடி. இன்னும் நெருடலானது ரோமர் 11: புறஜாதியாரைக் காட்டொலிவக் கிளையாகச் சொல்லி, தேவன் அவர்களைச் 'சுபாவத்திற்கு விரோதமாய்' நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைத்தார் என்கிறார். இரட்சிப்பே இயற்கையை மீறிய ஒட்டு என்றால், இயற்கையை மீறியது என்பது மட்டுமே கண்டனத்துக்குப் போதுமா? யூஜின் ராஜர்ஸ் என்ற அமெரிக்க இறையியலாளர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் போகிறார். அவ்வளவு தூரம் நான் கூடப் போகமாட்டேன். ரோமர் 1இல் பவுல் பாராட்டுகிறார் என்று எவராலும் வாசிக்க முடியாது.

சீர்திருத்தச் சபைகளுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. 1930 லாம்பெத் மாநாடு கருத்தடைக்குக் கதவை லேசாகத் திறந்தது. அதோடு, உடலுறவும் பிள்ளைப்பேறும் பிரியக்கூடாது என்ற பழைய வாதம் அவர்கள் கையை விட்டுப் போனது. கத்தோலிக்கர்கள் 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடலால் அதை எழுத்தில் காப்பாற்றிக்கொண்டார்கள். எழுத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. நம் பங்குகளில் ஒன்றோ இரண்டோ பிள்ளையோடு நின்ற வீடுகளை எண்ணிப் பாருங்கள், அத்தனையும் தற்செயலா? தன் படுக்கையறைக்கு இயற்கைச் சட்டத்தை விடாதவர் மகனின் அறைக்கு மட்டும் அதைக் காவலுக்கு அனுப்புவது எனக்கு உறுத்துகிறது.

மணமின்றி வாழ்வது

மேலே சொன்ன இரு மரபும் நடைமுறையில் பையனிடம் கேட்பது ஒன்றைத்தான்: வாழ்நாள் முழுக்கத் தனிமை. அதை வெறும் மறுப்பாக விடாமல் ஒரு வாழ்க்கையாக ஆக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெட், ஆன்மிக நட்பைக் கடவுளிடம் போகும் வழியாக எழுதினார். இன்று தன்பாலீர்ப்பை மறைக்காமல் சொல்லி, பழைய போதனையையும் ஏற்றுக்கொண்டு வாழும் கிறிஸ்தவர்கள் சிலர் அவரைத்தான் முன்னோடியாகப் பிடிக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவில்லை. அது தேர்ந்தெடுத்த தவம்.

தேர்ந்தெடுத்தது என்பது முக்கியம். துறவு ஒரு வரம், எல்லாருக்கும் கொடுக்கப்பட்டதல்ல என்பதுதான் பவுலின் நிலை. வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம் என்றார். குருக்களின் கட்டாயத் துறவை எதிர்த்து, லூத்தரன் சபையினரின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை வைத்த வாதமும் இதுவே. அந்த அறிக்கையின் வழிவந்தவர்கள், ஒரு வகை மனிதர்களுக்கு மட்டும் வரம் இருக்கிறதா என்று கேட்காமலே துறவை விதிப்பது விந்தைதான்.

கோவையில் நாற்பது வயதுத் தனியாளுக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். 'பேமிலிக்கு மட்டும்' என்று சொல்லிவிடுவார்கள். கோயில் விருந்தில் அவன் எந்த வரிசையில் உட்காருவான்? ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவார்? அம்மா அப்பா போன பிறகு கிறிஸ்துமஸ் அன்றைக்கு எந்த வீட்டுப் பிரியாணி? துறவைக் கேட்கிற சபை இதற்கெல்லாம் ஆள் வைத்திருக்க வேண்டும். குருமாருக்கு மறைமாவட்டம் இருக்கிறது, கன்னியருக்கு மடம் இருக்கிறது. இவனுக்குப் பங்கின் சிறு குழுவான ஓர் அன்பியக் கூட்டம்கூட நிச்சயமில்லை. சுமப்பதற்கரிய சுமையைக் கட்டி மனுஷர் தோளில் ஏற்றி, தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களைப் பற்றி மத்தேயு 23 என்ன சொல்கிறதோ அதுவே நமக்கும். இந்த வழியைத் தேர்கிற பெற்றோர் முதலில் தங்களைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: இவனுக்கு நாற்பது வருஷத்துக்குக் குடும்பமாக யார் இருக்கப் போகிறார்கள்?

அனுபவத்தையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது

கடைசி வழி, இயற்கைச் சட்டத்தை உதறாமல் அதற்குள்ளேயே திருத்தம் கேட்பது. அக்குவினாவின் மூன்றாம் படியில், மனிதன் பகுத்தறிவோடும் உறவோடும் வாழும் உயிர் என்பதில் நின்று கேட்கிறார்கள்: ஒரு மனிதனின் நன்மைக்கு இது கேடா, துணையா? மார்கரெட் ஃபார்லி என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி 2006இல், எந்தப் பாலுறவையும் நீதியின் அளவில் பார்க்க ஏழு விதிகளை வைத்தார். அநியாயமாய்த் துன்புறுத்தாமை, சுதந்திரமான சம்மதம், பரஸ்பரம், சமத்துவம், உறுதிப்பாடு, பலன் தருதல், சமூக நீதி. ஆண்-பெண் உறவுக்கும் இதே தராசுதான். பலன் என்பதைப் பிள்ளையோடு மட்டும் நிறுத்தாமல், இருவரின் அன்பு தங்களைத் தாண்டி மற்றவர்களுக்குப் பயன்படுவது என்று விரித்தார். 2012இல் வத்திக்கான் அந்த நூல் திருச்சபையின் போதனைக்கு ஒத்ததல்ல என்று அறிவித்தது. இந்த வழியில் போகிற கத்தோலிக்கர் சபை என்ற பிரமாணத்தோடு மோதிக்கொண்டுதான் போகிறார். அதை மூடி மறைத்து 'இதுவும் சபையின் நிலைதான்' என்று ஆறுதல் சொல்வது பொய்.

இதற்கு எதிராக வைக்கத் தகுந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அனுபவத்துக்கு ஏற்ப இயற்கையை விரித்துக்கொண்டே போனால், எதை நோக்கி இயற்கைச் சட்டம் 'கூடாது' என்று சொல்லும்? ஃபார்லியின் ஏழில் பெரும்பாலானவை எந்த நல்ல உறவுக்கும் பொருந்தும். உடல் ஆணா பெண்ணா என்பது கணக்கிலேயே வருவதில்லை. ஆதியாகமம் அதைக் கணக்கில் எடுக்கிறது.

இருந்தாலும் என் சாய்வு இந்தப் பக்கம்தான். அக்குவினா கையால் நடப்பவனை மன்னித்தது மனிதனின் நன்மையைப் பார்த்து. அந்த முறைக்கு விசுவாசமாக இருந்தால், இருவர் ஒருவருக்கொருவர் உண்மையாக, நோயிலும் கடனிலும் கைவிடாமல் வாழ்ந்து காட்டும்போது அது சாட்சியம்; கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. அப்பாசாமி அனுபவத்தைப் பிரமாணங்களில் வைத்தாரே தவிர, அது தனியாக ஆளட்டும் என்று விடவில்லை என்பதும் எனக்கு நினைவில் இருக்கிறது. சுருதி என் பக்கம் முழுதாக இல்லை என்ற குறையோடுதான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

அண்ணனையும் அண்ணியையும் என் பக்கம் இழுக்க நான் முயலவில்லை. சபையின் அதிகாரம் கடைசிச் சொல் என்று நம்புகிறவர் மறைக்கல்வி நூலின் வழியைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் மூன்று எண்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். 2357ஐ மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போக முடியாது. வசனமே போதும் என்பவர் ரோமர் 1ஐ அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த அதிகாரம் 'ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே' என்று தொடங்குவதையும் பக்கம் திருப்பிப் படிக்கட்டும். துறவு வழியை நல்லது என்று நினைப்பவர், அதைச் சொல்வதற்கு முன் அவனுக்கான வீட்டையும் ஆளையும் ஏற்பாடு செய்ய வேண்டும். திருத்த வழியை எடுப்பவர் பங்குத்தந்தையோடு சண்டை வரும் நாளுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அதோடு, பெற்றோர் எடுக்கிற முடிவு பெற்றோருடைய முடிவு மட்டும்தான். வளர்ந்த ஆளின் வாழ்க்கையை அவன் மனசாட்சிதான் தீர்மானிக்கும். தவறாகத் தீர்மானிக்கிற மனசாட்சிகூட அந்த ஆளைக் கட்டுப்படுத்தும், அதற்கு எதிராக நடப்பது பாவம் என்று எழுதியவரும் அக்குவினாதான். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப அவனவன் இஷ்டமுங்களா?" என்றார். மனசாட்சிக்குக் கல்வி புகட்டும் கடமையும் அங்கேயே எழுதியிருக்கிறது என்றேன், கொஞ்சம் சமாதானமானார்.

பயோடேட்டாவைத் திருமணத் தகவல் மையத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். டாக்டர் பேச்சு நின்றது. அண்ணன் மறைக்கல்வி நூலின் பக்கம் உறுதியாக இருக்கிறார், பையன் பாடகர் குழுவில் தொடர்கிறான். அண்ணி எங்கே நிற்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. வசனம் சொல்வது குறைந்திருக்கிறது.

இப்போதைய தகராறு, கிறிஸ்துமஸுக்குப் பையன் தன் நண்பனைக் கூட்டி வந்தால் என்ன செய்வது என்பது. "வரட்டுங்க, சாப்பிடட்டுங்க. ரண்டு பேருஞ் சேந்து சாமியார்கிட்ட மந்திரிச்சுக்கறதெல்லாம் ஆகாதுங்க" என்றார் அண்ணன். 2023 டிசம்பர் 18ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதலோடு வந்த ஆவணம், தன்பால் இணைகளுக்கும் குரு ஆசீர்வாதம் கொடுக்கலாம் என்று அனுமதித்ததைச் சி.எஸ்.ஐ.யில் பிறந்த அண்ணிதான் அவருக்கு ஞாபகப்படுத்தினார். அது திருமணம் போலத் தோன்றக் கூடாது, வழிபாட்டுச் சடங்காக இருக்கக் கூடாது, போதனை மாறவில்லை என்று அண்ணன் மடக்கினார். அவர் சொன்னதெல்லாம் சரி. அடுத்த மாதமே வத்திக்கான் கொடுத்த விளக்கத்தில் பத்துப் பதினைந்து விநாடிதான் என்று இருப்பதையும் சொன்னார்.

"ஏனுங்க, பதினஞ்சு செகண்டு போதாதுங்களா?" என்றார் அண்ணி.

"மொதல்ல பையன் கேக்கட்டும்" என்றார் அண்ணன்.